மழையில் பழுக்கும் புளி: பேச்சிப்பாறை அன்றும் இன்றும்

கொடம்புளி பழுப்பது மழைக்காலத்தில். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைச்சரிவுகளை விடாமல் நனைத்துக்கொண்டிருக்கும்போது மரத்தடியில் மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். மேலிருந்து கீழாக ஆறு முதல் எட்டு வரிப்பள்ளங்கள் ஓடும் பழம். பிளந்தால் விதையைச் சுற்றி வெள்ளைச் சதை; அது பிள்ளைகளுக்கு. கெட்டியான தோல்தான் சமையலுக்கு. அந்தத் தோலின் ஈரத்தைச் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும்; இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும். ஈரத்தை வாங்க வெயில் வேண்டும். வெயிலோ அந்த மாதங்களில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

மலையடிவாரத்து வீடுகள் இந்தச் சிக்கலை அன்று தீர்த்த விதம் வேறு, இன்று தீர்க்கிற விதம் வேறு. உலர்த்தும் முறையோடு, உலர்ந்ததை எதற்காகத் தின்கிறோம் என்ற எண்ணமும் மாறிவிட்டது. அன்று கெடாமல் இருக்க உலர்த்தினார்கள். இன்று உடம்பு இளைக்கும், நோய் தீரும் என்று சொல்லி விற்கிறார்கள். கொடம்புளிக்கும் இதுவே கதை, பல்பொருள் அங்காடியில் புட்டியில் அடைத்து வைத்திருக்கும் உலர்ந்த தக்காளிக்கும் இதுவே கதை. இந்த மாற்றத்தில் நாம் எதை ஏற்க வேண்டும், எதை விட்டுவிடக் கூடாது என்பதைப் பேச்சிப்பாறையின் அடுக்களையில் நின்று பார்ப்பது நல்லது.

அணைக்கு மேலே, அணைக்குக் கீழே

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் ஆண்ட காலம். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அணைத் தண்ணீர் கால்வாய்கள் வழியே இறங்கி நாஞ்சில் நாட்டு வயல்களை நெல் வயல்களாக நிலைக்கச் செய்தது. கீழே வயல்காட்டில் சோறு. புளிக்கு வாளம்புளி என்னும் சாதாரணப் புளியும் மாங்காயும். மேலே மலைப்பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு; புளிக்குக் கொடம்புளி. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு சமையல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அணைக்கு அப்பால், படகேறிப் போக வேண்டிய காணி மக்களின் குடியிருப்புகள் உண்டு. தேன், குங்கிலியம், கிழங்குகளோடு காட்டுக் கொடம்புளியும் அவர்கள் பொறுக்கிக் கொண்டுவரும் பொருள்களில் ஒன்று. அடிவாரத்து வீடுகளில் மரம் புறம்போக்கு ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் தானாக முளைத்து நின்றது. யாரும் நட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நட்டாலும் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். விதையிலிருந்து வளரும் கன்றுகளில் பாதிக்கு மேல் ஆண் மரமாகப் போய்விடும். அதனால் காய்க்கிற மரத்துக்கு மதிப்பு அதிகம். ஒரு வீட்டு மரத்தின் புளி நாலு வீட்டுச் சட்டிக்குப் போகும்.

அன்று: முற்றமும் அடுப்புப் பரணும்

பழத்தைப் பிளந்து விதையை எடுத்துவிட்டுத் தோலைச் சுளவிலோ ஓலைப்பாயிலோ பரப்பி முற்றத்தில் உணக்கப் போடுவார்கள். ஒரு கண் பாயில், ஒரு கண் வானத்தில். தூறல் விழுந்தால் பாயோடு சுருட்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று வெயில் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மீதி வேலையை அடுப்பு செய்தது. விறகடுப்புக்கு மேலே கட்டிய பரணில் தோலைப் பரப்பிவைத்தால், கிழங்கு வேகும் நேரம், கஞ்சி கொதிக்கும் நேரம் எல்லாம் அடியிலிருந்து சூடும் புகையும் ஏறிக்கொண்டே இருக்கும். பல நாள் கழித்து இறக்கும்போது மஞ்சள் தோல் கருத்து, தோல்வார் மாதிரி மடங்கும்.

பிறகு கல்லுப்பும் தேங்காய் எண்ணெயும் தடவிப் பானையில் அடைப்பார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் கையேடு இன்றைக்கும் இதே பக்குவத்தைத்தான் அளவோடு சொல்கிறது: ஒரு கிலோ உலர்ந்த தோலுக்கு 150 கிராம் உப்பு, 50 மில்லி தேங்காய் எண்ணெய். உப்பு பூசணத்தைத் தடுக்கும். எண்ணெய் தோலை இறுகவிடாது. ஆண்டுக்கணக்கில் கெடாது.

கடற்கரையிலிருந்து சாளையும் அயிலையும் தலைச்சுமையாக மலைப்பக்கம் வந்து சேர்ந்த காலத்தில், பனிக்கட்டி கிடையாது, குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அரைத்த தேங்காய், மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன வெங்காயத்தோடு மூன்று நாலு துண்டு கொடம்புளி விழுந்த மீன்குழம்பு மண்சட்டியில் மறுநாளும் நன்றாக இருந்தது. புளியின் அமிலம் கிருமிகள் பெருகுவதை மட்டுப்படுத்துகிறது என்பதே காரணம். கடல் தாண்டியும் இந்த அறிவு போயிருக்கிறது. மேற்குக் கரையில் அயிலையை உப்போடும் கொடம்புளியோடும் பீப்பாய்களில் அடுக்கி இலங்கைக்கு அனுப்பினார்கள். மீன்வள நூல்கள் அதைக் கொழும்பு முறை என்றே குறிக்கின்றன. இலங்கையில் இதே இனப் புளியைக் கொறக்கா என்கிறார்கள். சிங்கள வீடுகளில் சூரை மீனை அதில் புரட்டி வற்றவைக்கும் அம்புல் தியல் குளிரூட்டாமலே சில நாள் தாங்கும்.

அன்றைய உடல்நலக் கணக்கு இப்படித்தான் இருந்தது. மரச்சீனிக் கிழங்கில் மாவுச்சத்துதான் ஏராளம், புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையைச் சாளை நிரப்பியது. சாளையின் கொழுப்பில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 நிறைய உண்டு. மலிவான அந்த மீனைக் கெடாமல் மலை வரை உண்ணத்தக்கதாக வைத்திருந்ததில் புளிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தனி மருந்தாக யாரும் தின்னவில்லை. ஏழை வீட்டுத் தட்டில் மீனைக் காப்பாற்றிக் கொடுத்ததே அது செய்த முதல் நன்மை.

மாறியது எப்படி

முதலில் ரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மலையடிவாரம் மெல்ல மெல்ல ரப்பர் நாடாக மாறியது. 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவானபோது அது இந்த வட்டாரத்தின் முதன்மை வேலையிடங்களில் ஒன்றாயிற்று. விடியுமுன் பால்வெட்டு, பகலில் ஷீட் அடித்துப் புகைக்கூண்டில் உணக்கும் வேலை. வருமானம் தந்த மரத்துக்கு இடம் கொடுக்க, தானாக முளைத்த மரங்கள் வெட்டுப்பட்டன. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டபோது, ஒரே மரத்தை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்தது. பல மரம் நின்ற பழைய வீட்டுத்தோட்டத்தின் அருமை அதற்குப் பிறகுதான் மறுபடி பேசப்பட்டது.

அடுத்து மாறியது அடுப்பு. எரிவாயு உருளை மலைக்கிராமம் வரை வந்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் மிச்சமிருந்த வீடுகளிலும் விறகடுப்பைக் குறைத்தது. அடுப்புப் பரண் காலியானது. இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. அந்தப் பரணில் புளியைக் கருக்கிய அதே புகையைத்தான் நம் அம்மாக்கள் நாள் முழுக்க மூச்சில் இழுத்தார்கள். விறகுப் புகை நுரையீரலை அழிக்கிறது; அதிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையேறிய புளியிலும் அது படியும். பரண் போனதற்காக வருந்த வேண்டியதில்லை. பரண் செய்த வேலையைப் புகையில்லாமல் யார் செய்வது என்பதே கேள்வி.

மூன்றாவது மாற்றம் தக்காளி. இந்தப் பக்கத்துப் பழைய மீன்குழம்பில் தக்காளிக்குப் பெரிய இடம் கிடையாது. இன்று அது இல்லாத சமையல் இல்லை. வடசேரிச் சந்தைக்கு லாரியில் வந்து மலையேறுகிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, வேறு சில மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் தமிழக விவசாயிகளால் சாலையோரம் கொட்டப்படுகிறது. உலர்த்தி வைக்கும் பழக்கம் நம்மிடம் மாங்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் இருக்கிறது. தக்காளிக்கு மட்டும் வளரவில்லை. தெற்கு இத்தாலியில் கோடை வெயிலில் தக்காளியை இரண்டாகப் பிளந்து உப்புத் தூவி உலர்த்துவது குளிர்காலத்துக்கான வீட்டுச் சேமிப்பு. அதுவே இன்று நம் நகரக் கடைகளில் விலை உயர்ந்த ஆரோக்கிய உணவாக வந்து நிற்கிறது.

வெயில் எதை எடுக்கிறது, எதை விடுகிறது

உலர்ந்த தக்காளியின் நன்மையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைத் தக்காளியில், அதாவது உலர்த்தாத பழத்தில், 94 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ பழம் காய்ந்தால் கையில் நிற்பது 60, 70 கிராம். அதே அட்டவணையில் 100 கிராம் பச்சைப் பழத்தில் லைக்கோபீன் 2.6 மில்லிகிராம், 100 கிராம் உலர்ந்ததில் 46 மில்லிகிராம். தக்காளிக்குச் சிவப்பைத் தருவதும், உடலின் செல்களை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காக்க உதவுவதும் இந்த லைக்கோபீன்தான். தண்ணீர் போன அளவுக்கு அது செறிந்திருக்கிறது, பெரிதாக அழியவில்லை. பொட்டாசியமும் அப்படியே: பச்சையில் 237 மில்லிகிராம், உலர்ந்ததில் 3,400க்கு மேல்.

வைட்டமின் சி மட்டும் தப்பவில்லை. பச்சையில் 13.7 மில்லிகிராம், உலர்ந்ததில் 39. மேலோட்டமாகப் பார்த்தால் கூடியது போலத் தெரியும். தண்ணீர் போன அளவுக்குச் செறிந்திருந்தால் 200ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஐந்தில் நாலு பங்கை வெயிலும் காற்றும் தின்றுவிட்டன. ஆகவே உலர்ந்த தக்காளி பச்சைத் தக்காளிக்கு மாற்று இல்லை. லைக்கோபீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்; தேங்காய் அரைத்த குழம்பில் போட்டால் அதற்கு வேண்டியது கிடைத்துவிடும். உப்புத் தூவி உலர்த்தியதை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகவும், பொட்டாசியம் கூடுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டும் சாப்பிட வேண்டும். எண்ணெயில் ஊறவைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். காற்றுப் படாத எண்ணெயின் அடியில் நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

கொடம்புளிக்கும் இதே பார்வை வேண்டும். அதில் லைக்கோபீன் இல்லை. அதன் சரக்கு வேறு.

இன்று: சட்டியிலிருந்து மாத்திரைக்கு

கொடம்புளியின் புளிப்பு எதனால் என்பதை முதலில் சரியாகக் கண்டது மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலமே அதன் முதன்மை அமிலம் என்று லூயிஸ், நீலகண்டன் இருவரும் 1965இல் வெளியிட்டார்கள். உலர்ந்த தோலில் இது 10 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். உடம்பில் மாவுச்சத்து கொழுப்பாக மாறும் வழியில் உள்ள ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்று பிறகு ஆய்வுக்கூடங்களில் தெரியவந்தது. அவ்வளவுதான், உடல் இளைக்கும் மாத்திரையாக அது உலகெங்கும் விற்கத் தொடங்கியது.

மனிதரிடம் முறையாகச் சோதித்தபோது கதை மாறியது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1998இல் வந்த ஆய்வில், உடல் எடை கூடிய 135 பேர் 12 வாரம் பங்கெடுத்தார்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் அமிலம். மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. அமிலம் தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ. இளைக்கவைத்தது இரு தரப்பாரும் கடைப்பிடித்த உணவுக் கட்டுப்பாடு. 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்ராக்சிகட் என்ற எடைக்குறைப்பு மாத்திரை வகைகளைத் தின்ன வேண்டாம் என்று எச்சரித்தது. 23 பேருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு என்ற புகார்கள் வந்திருந்தன. பல பொருள்களின் கலவையான அந்த வகைகளில் சிலவற்றில் கொடம்புளிச் சாறும் இருந்தது. கொடம்புளிச் சாறு மட்டுமே தின்றவர்களிடமும் கல்லீரல் பாதிப்பு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் குழம்பில் போடுவதும் ஆபத்தா? கணக்கைப் பாருங்கள். 10 கிராம் புளி போட்ட குழம்பை ஐந்து பேர் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். தோலில் ஐந்தில் ஒரு பங்கு அமிலம் என்று கொண்டு, முழுவதும் குழம்பில் இறங்கியதாகவே வைத்தாலும், தலைக்கு 400 மில்லிகிராம்தான். அதுவும் மீன், தேங்காய், கிழங்கோடு சேர்ந்து, வாரத்தில் சில நாள். மாத்திரையில் அதைப்போல ஏறத்தாழ நாலு மடங்கு, சாப்பாட்டுக்கு முன்பு, நாள் தவறாமல், மாதக்கணக்கில். தலைமுறை தலைமுறையாகச் சட்டியில் சோதித்துப் பார்த்த அளவு ஒன்று. விற்பனைக்காகப் பிழிந்தெடுத்த அளவு வேறொன்று. சர்க்கரை நோய்க்கோ கொழுப்புக்கோ மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அந்த மாத்திரைப் பக்கமே போக வேண்டாம்.

புகையில்லாத பரண்

பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், மங்குஸ்தான், ரம்புட்டான் என்று இந்த ஈரமலைக்கு ஒத்த மரங்களை வளர்த்துப் பார்க்கும் இடம். கொடம்புளியில் பி.பி.ஐ. (கே) 1 என்ற ரகம் இங்கிருந்து வந்தது. ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். காய்க்கும் மரத்தின் கிளையிலிருந்து கட்டுவதால் ஆண் மரமாகிவிடும் என்ற பயமும் இல்லை. பாட்டன் நட்டுப் பேரன் பறித்த மரத்தை இன்று நட்டவரே பறிக்கலாம்.

உலர்த்துவதற்கும் வழி வந்துவிட்டது. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் தரும் சூரிய உலர்த்திகள், ஒளி புகும் கூரைக்கு அடியில் வெளியைவிடக் கூடுதல் சூட்டைத் தேக்கிவைக்கும். மழை விழாது, ஈ மொய்க்காது, தூசு படாது. வானம் முழுக்க மூடிய நாள்களுக்கு மின்சூட்டில் ஓடும் உலர்த்தி துணைக்கு வேண்டும். கொடம்புளிக்கு ஆடியில் உழைக்கும் அதே கூடம், மாசி, பங்குனியில் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்புக்கும், மலிந்து கிடக்கும் தக்காளிக்கும், நல்ல மிளகுக்கும் பயன்படும். ஒரு குடும்பம் தனியாக வாங்கக் கட்டாது. ஒரு மகளிர் சுய உதவிக் குழுவால் முடியும்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மிகக் கருத்து, புகைநாற்றம் தூக்கலாக இருக்கும் புளியைவிட, மடங்கும் பதத்தில் இருக்கும் பழுப்புக் கருமைப் புளியை எடுங்கள். வெள்ளைப் பூசணம் கண்டால் சுரண்டிவிட்டுப் போடாமல் தூர எறியுங்கள். ஐந்து கிராம் துண்டில் அரைக் கிராமுக்கு மேல் உப்பு இருக்கக்கூடும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆகவே புளியை இரண்டு தண்ணீரில் அலசி, பிறகு சற்று ஊறவைத்துப் போடுங்கள். உப்பும் மேலே ஒட்டிய கரியும் போகும். குழம்பில் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேருங்கள். அலுமினியப் பாத்திரத்தை அமிலம் அரிக்கும், மண்சட்டியே நல்லது.

பேச்சிப்பாறை இரண்டு காலத்திலிருந்தும் நல்லதை எடுத்துக்கொள்ள முடியும். இன்றிலிருந்து புகையில்லாத உலர்த்தியையும் ஒட்டுக்கன்றையும். அன்றிலிருந்து அளவையும், மீனோடும் கிழங்கோடும் சேர்த்துத் தின்னும் முறையையும். உலர்ந்த பழத்தின் நன்மை அது சேரும் சாப்பாட்டில்தான் முழுமையாகிறது. பிரித்தெடுத்து மாத்திரையாக்கிய இடத்தில் நன்மை நிரூபணமாகவில்லை, கேடுதான் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆனி மழைக்கு முன்பு இங்குள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பொது உலர்கூடம் வந்துவிட்டால், மரத்தடியில் அழுகிப்போகும் புளி காசாகும். காணி மக்கள் கொண்டுவரும் புளிக்கும் நியாயமான விலை கிடைக்கும். இதற்கு வேண்டிய அறிவு, மரம், திட்டம் எல்லாம் கையில் இருக்கின்றன. சேர்ந்து கேட்க வேண்டியது நாம்தான்.